காலம் கடந்த நகை: 'பில் அண்ட் டெட்' மூன்றாம் படம் – மெய்ப்பாட்டு நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

நகைச்சுவைப் படம் ஒன்று மக்கள் மனத்தில் நிலைபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின், அதே நடிகர்களைக் கொண்டு அதன் தொடர்ச்சியை எடுப்பது ஹாலிவுட்டில் வழக்கமாகிவிட்டது. பழைய நினைவை விலைப்பொருளாக்கும் முயற்சி என்று இத்தகைய படங்களைத் திறனாய்வாளர் பலர் ஒதுக்கிவிடுவர். பெரும்பாலான படங்களைப் பொறுத்தவரை அம்மதிப்பீடு பிழையன்று. ஆயினும், காலம் கடந்து வரும் தொடர்ச்சிப் படம் இலக்கியக் கொள்கை சார்ந்த வினா ஒன்றையும் எழுப்புகிறது. ஒரு பாத்திரத்தின் இளமையில் பிறந்த நகை, அப்பாத்திரம் முதுமையை நெருங்கும்போது என்னவாகிறது என்பதே அவ்வினா.

காலப்பயணத்தைக் கருவாகக் கொண்ட 'பில் அண்ட் டெட்' வரிசையின் மூன்றாம் படமாகிய 'பில் அண்ட் டெட் ஃபேஸ் த மியூசிக்' (2020) இவ்வினாவை நேராக எதிர்கொண்ட படம் என்பது நம் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்களைக் கருவியாகக் கொண்டு அப்படத்தின் வெற்றியையும் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மூன்று படங்கள்

பில், டெட் என்னும் இரு பாத்திரங்களும் 1980களின் தொடக்கத்தில் கிறிஸ் மேத்சன், எட் சாலமன் என்னும் இரு நண்பர்கள் மாணவப் பருவத்தில் விளையாட்டாக நடித்துப் பார்த்தவை. பின்னர் அவர்களே அவற்றைத் திரைக்கதையாக்கினர். ஸ்டீபன் ஹெரெக் இயக்கிய முதற்படம் 1987இல் படமாக்கப்பட்டது. எனினும், தயாரித்த நிறுவனம் நொடித்துப்போனதால் 1989 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. பில்லாக அலெக்ஸ் விண்டரும், டெட்டாகக் கியானு ரீவ்ஸும், எதிர்காலத்திலிருந்து வரும் வழிகாட்டி ரூஃபஸாக ஜார்ஜ் கார்லினும் நடித்தனர்.

கதை எளியது. கலிபோர்னியாவின் சான் டிமாஸ் என்னும் சிற்றூரில் இரு பள்ளி மாணவர்கள் இசைக்குழு நடத்துகின்றனர். ஆனால் இருவருக்கும் இசைக்கருவி வாசிக்கத் தெரியாது. வரலாற்றுப் பாடத்தில் தேறாவிட்டால் டெட்டை அவன் தந்தை அலாஸ்காவிலுள்ள இராணுவப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார், இசைக்குழு சிதறிவிடும். ஆனால் 2688ஆம் ஆண்டின் உலகமோ அவ்விருவரின் இசையை அடித்தளமாகக் கொண்டே அமைதியாக வாழ்கிறது. ஆகவே ரூஃபஸ் தொலைபேசிக் கூண்டு வடிவிலான காலப்பொறியுடன் அவர்களைத் தேடி வருகிறார். சாக்ரட்டீஸ், நெப்போலியன், பீத்தோவன், ஜோன் ஆஃப் ஆர்க், செங்கிஸ்கான், லிங்கன் முதலியோரை நேரில் அழைத்து வந்து மாணவர்கள் தம் வாய்மொழித் தேர்வை நிறைவு செய்கின்றனர்.

பீட்டர் ஹ்யூவிட் இயக்கிய இரண்டாம் படம் 1991இல் வந்தது. அதன் இறுதியில் இருவரும் காலப்பொறியில் சென்று பதினாறு மாதம் கிதார் பயின்று, மனைவியரோடும் கைக்குழந்தைகளோடும் நொடிப்பொழுதில் மேடைக்குத் திரும்புகின்றனர். அவர்களின் பாடல் உலகை இணைப்பதாகச் செய்தித்தாள் தலைப்புகள் காட்டப் படம் முடிகிறது. கதை அங்கே நிறைவுற்றதாகவே எவரும் கொள்வர்.

அதன்பின் 29 ஆண்டு இடைவெளி. கார்லின் 2008இல் மறைந்தார். மேத்சனும் சாலமனும் எழுதிய மூன்றாம் கதை முதலீட்டாளர் கிடைக்காமல் பல்லாண்டு காத்திருந்தது. இறுதியில் டீன் பாரிசோ இயக்கத்தில் 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றால் திரையரங்குகள் பல மூடிக்கிடந்த வேளையில், அமெரிக்காவில் திரையரங்குகளிலும் வீட்டுத்திரையிலும் ஒருங்கே வெளியாயிற்று. அப்போது கதைநாயகர் இருவரும் ஐம்பத்தைந்தை எட்டியிருந்தனர்.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைச் சுட்டுகிறார். எள்ளல் இகழ்ச்சி, இளமை பருவத்தின் முதிராமை, பேதைமை அறியாமை. மடன் என்பதை உரையாசிரியர் பேராசிரியர் நுட்பமாக வேறுபடுத்துவார். பிறர் அறிவுறுத்தியதை அப்படியே ஏற்று, ஏற்றதைப் பின்னர் விடாது பற்றி நிற்கும் இயல்பே அது. பேதைமையும் மடனும் ஒன்றெனத் தோன்றினும் ஒன்றல்ல. பேதை அறியாதவன், மடவோன் நம்பியதை விடாதவன்.

முதற்படத்தின் நகை பெரும்பாலும் எள்ளல் நீங்கிய மூன்று களன்களில் அமைந்தது. சாக்ரட்டீஸின் பெயரை ஒலிக்கத் தெரியாத மாணவரைக் கண்டு நாம் நகைக்கிறோம். அஃது அவர்களின் பேதைமை. ஆனால் அவர்கள் அந்த முதியவரை இகழ்வதில்லை. கண்டவுடன் நட்புக் கொள்கின்றனர். நெப்போலியன் நீர்ப்பூங்காவின் சறுக்கலில் குழந்தைபோல் களிக்கும் காட்சியிலும் பேரரசனிடத்து எஞ்சிநிற்கும் இளமையே நகைக்குக் களனாகிறது. நண்பர் இருவரும் தழுவிக்கொண்டவுடன் கூச்சத்தால் ஓர் இழிசொல்லை உதிர்க்கும் இடம் இதற்கு விலக்கு. அவ்விடத்தில் எள்ளல் நுழைகிறது. இன்று பார்ப்போரை உறுத்துவதும் அவ்விடமே. எள்ளலில் பிறந்த நகை காலத்தால் விரைவில் பழுதுறும் என்பதற்கு இது சான்றாகும்.

இனி, இளமை நீங்கியபின் நேர்வதைக் காண்போம். பதினேழு வயதில் இசைக்கருவி வாசிக்கத் தெரியாமல் இசைக்குழு நடத்துவோனைக் கண்டால் நகை பிறக்கும். ஐம்பத்தைந்து வயதில், தான் எழுதவேண்டிய பாடலை இன்னும் எழுதாதிருப்போனைக் கண்டால் பிறப்பது யாது? தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அவற்றுள் இளிவு பிறரால் தாழ்த்தப்படுதல். அசைவு முன்னைய நிலையிலிருந்து தாழ்ந்து வருந்துதல். இளமை என்னும் ஒரு களன் நீங்கியவுடன், எஞ்சிய பேதைமை அழுகையின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. காலம் கடந்து வரும் தொடர்ச்சிப் படங்களின் இடர் இதுவே. பலவும் இவ்விடரை மறைக்க முயன்று தோற்கின்றன. பழைய உரையாடலையும் பழைய உடல்மொழியையும் மீண்டும் நிகழ்த்தி, முதுமை நேரவில்லை என்று நடிக்கின்றன.

பிரெஞ்சு மொழியில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இடைக்காலப் போர்வீரனும் அவன் பணியாளனும் தற்காலத்திற்கு வந்துசேரும் 'லே விசிதேர்' (1993) பிரான்சில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் திரையரங்கு சென்று பார்த்த படம். அதன் மூன்றாம் பகுதி 2016இல் பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. இயக்குநரும் முதன்மை நடிகர் இருவரும் மாறவில்லை. ஆயினும் திறனாய்வாளர் அதனை வரவேற்கவில்லை; பார்வையாளர் எண்ணிக்கையும் முதற்படத்தின் ஆறில் ஒரு பங்கையே ஒட்டியிருந்தது. களம் மாறியும் நகையின் களன் மாறாததே அதன் குறை எனலாம்.

எதிர்காலத்திடம் பெற்ற கடன்

'ஃபேஸ் த மியூசிக்' அசைவிலிருந்தே தொடங்குகிறது. இரண்டாம் படத்தின் இறுதியில் கண்ட புகழ் நிலைக்கவில்லை. உலகம் இணையவும் இல்லை. ஒரு திருமண விருந்தில் இருவரும் தம் புதிய ஆக்கத்தை அரங்கேற்றுகின்றனர். தலைப்பே ஆய்வேட்டின் தலைப்பைப்போல் நீண்டது. கேட்போர் முகம் சுளிக்கின்றனர். மனைவியர் மணவாழ்வு ஆலோசகரை நாடியிருக்கின்றனர். அங்கும் நண்பர் இருவரும் சேர்ந்தே வந்து அமர்ந்து, 'நாங்கள் உங்களை நேசிக்கிறோம்' என்னும் பொருள்படப் பன்மையிலேயே பேசுகின்றனர். பதினேழு வயதில் இனித்த அந்தப் பிரியாமை, இல்லறத்தில் இடையூறாகிவிட்டதை இந்தத் தன்மைப்பன்மை ஒன்றே உணர்த்திவிடுகிறது.

இந்நிலையில் எதிர்கால உலகம் அவர்களை அழைத்து, அன்று மாலை 7.17க்குள் அப்பாடல் இசைக்கப்படாவிட்டால் காலமும் இடமும் குலைந்து அழியும் என்று எச்சரிக்கிறது. நண்பர்கள் ஒரு சூழ்ச்சியைக் காண்கின்றனர். என்றேனும் ஒருநாள் அப்பாடலை நாம் எழுதியிருப்போம். ஆகவே எதிர்காலத்திற்குச் சென்று, நம்மிடமிருந்தே அதனைத் திருடி வரலாம் என்பதே அது.

இச்சூழ்ச்சியின் பொருளை உணர முதற்படத்தின் ஒரு காட்சியை நினைவுகூர்தல் வேண்டும். சிறைப்பட்ட வரலாற்று மாந்தரை மீட்க டெட்டின் தந்தையினுடைய சாவிகள் தேவைப்படுகின்றன. அவை ஏற்கெனவே தொலைந்துவிட்டன. தேர்வு முடிந்தபின் காலத்தில் பின்சென்று சாவிகளை எடுத்து இங்கே மறைத்து வைப்போம் என்று இருவரும் முடிவு செய்கின்றனர். அந்நொடியே அவ்விடத்தில் சாவிகள் இருக்கின்றன. காலப்பயணக் கதைகளில் மிக நேர்த்தியான நகைச்சுவைக் காட்சிகளுள் இஃது ஒன்று. இதன் அடியில் இருப்பது ஒரு கடன். நாளை செய்யப்போகும் உழைப்பை இன்றே செலவிடுகின்றனர். இரண்டாம் படத்தின் பதினாறு மாதக் கிதார்ப் பயிற்சியும் இவ்வகைக் கடனே. இளையோருக்கு எதிர்காலம் தாராளமாகக் கடன் தரும். திருப்பித் தருவதற்குரிய வாழ்நாள் அவர்கள்முன் இருப்பதாகக் கருதப்படுவதே அதற்குக் காரணம்.

மூன்றாம் படத்தில் அதே கடனைக் கேட்டு நாயகர் செல்லும்போது எதிர்காலத்தின் கை வெறுமையாக இருக்கிறது. முதலில் சந்திக்கும் பில்லும் டெட்டும் குடும்பத்தை இழந்து தாழ்ந்து கிடக்கின்றனர். அடுத்தவர்கள் பொய்யான ஆங்கிலேய உச்சரிப்போடு பிறர் மாளிகையில் இருந்துகொண்டு தம்மையே ஏமாற்ற முயல்கின்றனர். அவர்களுக்கு அடுத்தவர்கள் சிறையில் உடல் முறுக்கேறி நிற்கின்றனர். நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் தம் இளைய உருவங்களே காரணம் என்று சீறுகின்றனர். நாளை செய்துவிடுவோம் என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டதால் எவரும் செய்யவில்லை. முதற்படத்தில் நகையை விளைத்த அதே உத்தி, மூன்றாம் படத்தில் தள்ளிப்போடுதலின் விளைவைக் காட்டும் கண்ணாடியாகிறது. உத்தியை மாற்றாமல் அதன் பொருளை மட்டும் முதுமை மாற்றிவிடுவதை இங்குக் காண்கிறோம். படத்தின் ஆங்கிலத் தலைப்பு இசையை எதிர்கொள்ளுதல் என்றும், செய்ததன் விளைவை ஏற்று நிற்றல் என்றும் இருபொருள் படுவதும் இதனோடு இயைகிறது.

இவ்வரிசைக்கு உரிய ஒரு விதியும் இங்குக் கருதத்தக்கது. காலப்பொறியில் எங்குச் சென்றாலும் சான் டிமாஸின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தருக்கநெறியில் இவ்விதி நில்லாது. ஆனால் வாழ்வியல் நோக்கில் இதைவிட உண்மையானது வேறில்லை. பிற காலங்களில் உலவித் திரும்புவோருக்கும் தம் காலம் கழிந்துகொண்டுதான் இருக்கிறது.

மடன் என்னும் எச்சம்

இளமை போயிற்று, பேதைமை இளிவின் எல்லைக்கு வந்துவிட்டது. எனில், மூன்றாம் படத்தில் நகை எங்கிருந்து பிறக்கிறது? மடனிலிருந்து என்பது நம் விடை. உங்கள் இசை உலகை இணைக்கும் என்று ரூஃபஸ் ஒருநாள் சொன்னார். அதனை ஏற்றனர், முப்பது ஆண்டுகளாக விடவில்லை. பேராசிரியர் வகுத்த மடனுக்கு இதனினும் பொருத்தமான காட்டு அரிது. டெட் மனம் தளர்ந்து கிதாரை விற்றுவிட எண்ணும் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே உண்டு. நம்பியதை விடலாமா என்னும் போராட்டம் அப்பாத்திரத்துள் நிகழ்வதால், மடன் வெறும் அசட்டுத்தனமாகச் சுருங்காமல் மதிப்புப் பெறுகிறது. ரீவ்ஸின் தளர்ந்த உடல்மொழியும் விண்டரின் குன்றாத ஆர்வமும் இப்போராட்டத்தின் இரு பக்கங்களாக அமைகின்றன.

அந்த மடனுக்குப் படம் ஒரு விலையையும் காட்டுகிறது. ஒருவரை இளமையிலேயே 'நீ பெரியவனாவாய்' என்று அறிவித்துவிடுவது அவருக்குப் பேறா, சுமையா? இவ்வினா ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு அயலானதன்று. வகுப்பில் ஒரு மாணவரைச் சுட்டி வருங்காலப் பாவலர் என்றோ அறிஞர் என்றோ நாம் வாழ்த்துகிறோம். வாழ்த்தியவர் மறந்துவிடுவார்; வாழ்த்தப்பட்டவர் மறப்பதில்லை. எழுதாத அப்பாடலின் முன் முப்பது ஆண்டுகள் அமர்ந்திருக்கும் இருவரின் நிலை, நகைப்பினூடே நம்மை வருத்துவது இதனால்தான்.

இளமையின் கைமாற்றம்

படத்தின் திருப்புமுனை ஒரு பெயரை மீண்டும் படிப்பதில் அமைந்துள்ளது. 2067இல் முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் பில்லும் டெட்டும் தம் இளைய உருவங்களிடம் பாடலைத் தருகின்றனர். அதனை ஆக்கியோர் பெயர் பிரெஸ்டன், லோகன் என்றிருக்கிறது. பில் பிரெஸ்டனும் டெட் லோகனுமே அவ்விருவர் என்று அதுவரை அனைவரும் கொண்டிருந்தனர். ஆனால் அவை குடும்பப் பெயர்கள். மகளிர் இருவருக்கும் உரியவை. டெட்டின் மகள் பில்லி லோகன்; பில்லின் மகள் தியா பிரெஸ்டன். தந்தையர் தம் மகளுக்கு நண்பன் பெயரைச் சூட்டியுள்ளனர். முன்னறிவிப்பு பொய்க்கவில்லை; படித்தவர்கள்தாம் தவறாகப் பொருள்கொண்டனர். ஒரு சொல்லின் இருபொருளில் முழுக் கதையும் திரும்புவது உரை காணும் மரபில் பயின்றோருக்கு இன்பம் தருவதாகும்.

இத்திருப்பம் வலிந்து ஒட்டியதன்று. தந்தையர் எதிர்காலத்திற்குச் சென்று திருட முயன்றுகொண்டிருக்கும் அதே வேளையில், மகளிர் இறந்தகாலத்திற்குச் சென்று கற்றுக்கொண்டிருக்கின்றனர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லூயி ஆம்ஸ்ட்ராங், மொசார்ட், சீனத் தொன்மம் இசையின் தந்தையாகக் கூறும் லிங் லுன், வரலாற்றுக்கு முற்பட்ட முரசறைவோள் ஒருத்தி ஆகியோரை அவர்கள் திரட்டுகின்றனர். முதற்படத்தில் தந்தையர் தேர்வுக்காக வரலாற்று மாந்தரைத் திரட்டிய செயலே இங்கு மீண்டும் நிகழ்கிறது. ஆனால் தந்தையர் அன்று அறியாதவர். மகளிரோ இசையை ஆழ்ந்து கேட்டு அறிந்தவர். சமாரா வீவிங், பிரிஜெட் லண்டி-பெயின் இருவரும் தந்தையரின் நடையையும் தலையசைப்பையும் இகழ்ச்சியின்றிப் பின்பற்றுகின்றனர். நகையின் களனாகிய இளமை இவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. அதனோடு இருந்த பேதைமை கைமாறவில்லை.

தந்தையர் தம் பங்கை உணர்ந்து விலகும் இடம் படத்தின் உயர்ந்த இடம். பாடலை ஆக்குவோர் தாமல்லர் என்று அறிந்தபின் அவர்கள் சினப்பதுமில்லை, கலங்குவதுமில்லை. மனைவியரோடு காலப்பொறியில் ஏறி, எல்லாக் காலத்து மக்களுக்கும் இசைக்கருவிகளை வழங்கச் செல்கின்றனர். உலகை இணைப்பது பாடலின் சிறப்பன்று, அனைவரும் ஒருங்கே இசைப்பதே என்று மகளிர் குரலில் படம் முடிகிறது. அழுகையின் எல்லையில் தொடங்கிய கதை இவ்வாறு உவகையில் சென்று அடைகிறது. மூன்று படங்களிலும் மகனை நம்பாத டெட்டின் தந்தை, நரகத்தில் நின்று மகன் சொன்னதெல்லாம் உண்மை என்று ஏற்கும் சிறுகாட்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தன்னை நம்பாத தந்தைக்கு மகனாக இருந்தவன், மகளை நம்பும் தந்தையாகிறான்.

படத்தின் குறைகள்

இவ்வளவும் கூறியபின் குறைகளையும் சுட்டுதல் நடுவுநிலை. இடைக்கால இங்கிலாந்திலிருந்து வந்த இளவரசியர் இருவரும் மூன்று படங்களிலும் தமக்கென ஒரு குரல் பெறவில்லை. இப்படத்தில் அவர்களும் தம் முதிய உருவங்களோடு காலங்கள்தோறும் சென்று, மகிழ்வான வாழ்வு எங்கேனும் உண்டா என்று தேடுகின்றனர். தனிப்படமாக வளர்த்திருக்கத்தக்க அச்செய்தி பெரும்பாலும் திரைக்கு வெளியே நிகழ்ந்துவிடுகிறது. பேரிசைஞர்கள் திரட்டப்படும் பகுதியும் விரைந்து ஓடுகிறது. மொசார்ட்டும் ஹெண்ட்ரிக்ஸும் இணைந்து இசைக்கும் நொடியில் ஒரு படத்திற்கான வித்து இருக்கிறது. அது முளைக்குமுன் காட்சி மாறிவிடுகிறது. லிங் லுன்னும் முரசறைவோளும் பேசும் பாத்திரங்களாக வளராமல் உலகப் பரப்பைக் காட்டும் அடையாளங்களாகவே நின்றுவிடுகின்றனர். அனைத்துலகும் ஒருங்கே இசைக்கும் என்று கூறும் படம், அந்த உலகினர் பேசுவதைக் கேட்கப் போதிய நேரம் ஒதுக்கவில்லை.

முடிவுரை

இளமையில் பிறந்த நகையை முதுமையில் மீண்டும் அதே வடிவில் எழுப்புதல் இயலாது. 'ஃபேஸ் த மியூசிக்' அவ்வாறு எழுப்ப முயலவில்லை. நகையின் நான்கு களன்களுள் எள்ளலை அறவே நீக்கி, இளமையை அடுத்த தலைமுறைக்கு அளித்து, பேதைமை இளிவாகும் தருணத்தை மறைக்காமல் காட்டி, மடன் ஒன்றைத் தன் நாயகரிடம் எஞ்சவிடுகிறது. அந்த எச்சமே அவர்களைக் காக்கிறது. படத்தின் இறுதிப் பெயர்வரிசையோடு, உலகின் பல இடங்களில் எளிய மக்கள் தத்தம் இல்லங்களில் இசைத்தும் ஆடியும் மகிழும் காட்சிகள் இணைக்கப்பட்டுள்ளன. மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டிருந்த 2020இல் அக்காட்சிகள் கதைக்குப் புறம்பாகத் தோன்றவில்லை.

பெயர்வரிசை முடிந்தபின்னும் ஒரு காட்சி உண்டு. முதியோர் இல்லப் படுக்கையிலிருந்து பில்லும் டெட்டும் மெல்ல எழுந்து, கிதாரைத் தோளில் மாட்டி, சற்று நேரம் வாசித்துவிட்டு மீண்டும் படுக்கைக்குத் திரும்புகின்றனர். உலகை இணைக்கும் பாடல் அவர்களுடையதன்று என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் வாசிக்கின்றனர். பெரியவனாவாய் என்று வாழ்த்தப்பட்டு ஆகாமற்போன எத்தனையோ மாணவரை அறிந்த நமக்கு, அக்காட்சியில் நகையும் கண்ணீரும் ஒருங்கே எழுகின்றன.